லெலோங் நோட்டீஸ் வரும் முன்னே: வீட்டுக் கடனும் வீட்டைக் காக்கும் வழிகளும்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று பெரியவர்கள் சொன்னார்கள். அந்தக் காலத்தில் வீட்டைக் கட்டி முடிப்பதுதான் பெரும்பாடு. இன்றோ வீடு வாங்குவது சில கையெழுத்துகளில் முடிந்துவிடுகிறது. வாங்கிய வீட்டை முப்பது ஆண்டுகளுக்குக் கைநழுவ விடாமல் வைத்திருப்பதுதான் கடினமாகிவிட்டது.

நாளிதழ்களில் வெளிவரும் லெலோங் அறிவிப்புகளைப் பலர் கவனித்திருப்பார்கள். வீட்டின் முகவரி, பரப்பளவு, ஏல நாள், ஆரம்ப விலை ஆகியவை மட்டுமே அதில் இருக்கும். மலிவு விலையில் வீடு தேடுபவருக்கு அது ஒரு வாய்ப்பு. ஆனால், அந்தச் சில வரிகளுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. வேலையை இழந்த தந்தையோ, நோயில் விழுந்த தாயோ, தொழிலில் நட்டப்பட்ட மகனோ அங்கே இருக்கக்கூடும். தோட்டத்தை விட்டு வெளியேறி, மலிவு விலை அடுக்குமாடியில் முதன்முதலாகச் சொந்த வீடு என்று ஒன்றைப் பார்த்த குடும்பங்கள் நம் மக்களிடையே ஏராளம். அவர்களுக்கு வீடு என்பது சொத்து மட்டுமல்ல, ஒரு தலைமுறையின் உழைப்பு.

அந்த வீடு ஏல நாளன்று திடீரென்று பறிபோவதில்லை. முதல் தவணை தவறிய நாளுக்கும் ஏல நாளுக்கும் இடையே பல மாதங்கள் இருக்கின்றன. சட்டம் பல படிகளை வைத்திருக்கிறது. ஒவ்வொரு படியிலும் செய்யக்கூடியது ஏதாவது ஒன்று உண்டு. ஆனால், அந்த மாதங்கள் பெரும்பாலும் வெட்கத்திலும் பயத்திலும் கழிந்துவிடுகின்றன. வங்கிக் கடிதம் பிரிக்கப்படாமல் மேசை டிராயருக்குள் போகிறது. தொலைபேசி அழைப்பு எடுக்கப்படாமல் விடப்படுகிறது. வீட்டைக் காப்பாற்றும் வாய்ப்பு அங்கேதான் குறையத் தொடங்குகிறது.

நியாயமான கடன் எது?

வீட்டுக் கடன் நியாயமானதா என்பதை மூன்று கேள்விகளால் அறியலாம். முதலாவது, கடன் வாங்குபவரால் அதைத் திருப்பிச் செலுத்த முடியுமா என்று வங்கி உண்மையாகவே ஆராய்ந்ததா? இரண்டாவது, கடனின் முழு விவரமும் அவருக்குப் புரியும்படி சொல்லப்பட்டதா? மூன்றாவது, அவருக்குச் சிரமம் வரும்போது மாற்று வழி தேட வாய்ப்பு தரப்படுகிறதா?

முதல் கேள்விக்கு மலேசியாவில் விதிமுறைகள் உள்ளன. பொறுப்பான முறையில் கடன் வழங்குவது குறித்து பேங்க் நெகாரா வெளியிட்ட வழிகாட்டி 2012ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. விண்ணப்பதாரரின் வருமானத்தையும் மற்ற கடன்களையும் சரிபார்த்து, அவரால் தாங்க முடியுமா என்று கணக்கிட்ட பிறகே கடன் தரவேண்டும் என்பது அதன் சாரம். 2013ஆம் ஆண்டு ஜூலையில், வீட்டுக் கடனின் தவணைக் காலம் 35 ஆண்டுகளையும் தனிநபர் கடனின் காலம் 10 ஆண்டுகளையும் தாண்டக்கூடாது என்று வரம்பு விதிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2010 நவம்பரில், மூன்றாவது வீட்டுக்கும் அதற்கு மேற்பட்ட வீடுகளுக்கும் விலையில் 70 விழுக்காடு வரைதான் கடன் என்ற கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது.

வங்கி கணக்குப் பார்ப்பதால் மட்டும் குடும்பம் பாதுகாப்பாகிவிடாது. தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரின் சம்பளச் சீட்டில் ஓவர்டைம் பணமும் சேர்ந்திருக்கும். ஆர்டர் குறைந்தால் ஓவர்டைம் நின்றுவிடும், தவணை நிற்காது. ஆகவே, அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டே தவணையைக் கட்ட முடியுமா என்று குடும்பம் தானாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது கேள்விக்கான விடை, கையெழுத்திடும் முன் வங்கி தரவேண்டிய விளக்கத் தாளில் இருக்கிறது. வட்டி விகிதம், மாதத் தவணை, மொத்தம் கட்ட வேண்டிய தொகை, வட்டி உயர்ந்தால் தவணை எவ்வளவு ஆகும், தாமதக் கட்டணம் எவ்வளவு ஆகிய விவரங்களை அதில் பார்க்கலாம். பலர் இந்தத் தாளைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. புரியாத இடத்தில் அதிகாரியை நிறுத்தி, "இதை விளக்குங்கள்" என்று கேட்பது கடன் வாங்குபவரின் உரிமை.

தவணைக்குள் இருக்கும் கணக்கு

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். கணவர் லோரி ஓட்டுநர், மனைவி தொழிற்சாலை ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். 330,000 வெள்ளி விலையுள்ள வீட்டுக்கு அவர்கள் 300,000 வெள்ளி கடன் வாங்குகிறார்கள். வட்டி 4.5 விழுக்காடு, காலம் 30 ஆண்டுகள். மாதத் தவணை சுமார் 1,520 வெள்ளி.

முதல் மாதம் கட்டும் 1,520 வெள்ளியில் 1,125 வெள்ளி வட்டிக்குப் போகிறது. அசலில் கழிவது 395 வெள்ளிதான். ஐந்து ஆண்டுகள் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால் மொத்தம் சுமார் 91,200 வெள்ளி கட்டியிருப்பார்கள். ஆனால், கடன் சுமார் 273,500 வெள்ளிக்குத்தான் இறங்கியிருக்கும். "இத்தனை வருடம் கட்டியும் கடன் குறையவே இல்லையே" என்று பலர் அதிர்ச்சியடைவது இதனால்தான். இது ஏமாற்று வேலை அல்ல. மீதமுள்ள அசலுக்கு வட்டி போடும்போது, அசல் பெரிதாக இருக்கும் ஆரம்ப ஆண்டுகளில் வட்டியும் பெரிதாக இருக்கும்.

இதே கடனை 35 ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 1,420 வெள்ளியாகிறது. மாதம் 100 வெள்ளி மிச்சம். ஆனால், மொத்த வட்டி சுமார் 247,000 வெள்ளியிலிருந்து 296,000 வெள்ளியாக உயர்ந்துவிடும். மாதம் 100 வெள்ளி இலகுவாக இருப்பதற்குக் கொடுக்கும் விலை ஏறக்குறைய 49,000 வெள்ளி. சிலருக்கு அந்த 100 வெள்ளி அவசியமாக இருக்கலாம். ஆனால், விலை தெரிந்து வாங்கவேண்டும்.

வட்டி விகிதமும் நிலையாக இருப்பதில்லை. 1998ஆம் ஆண்டு ஆசிய நிதி நெருக்கடியின்போது அடிப்படைக் கடன் வட்டி விகிதம் 12 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த முறை மாறி, 2022 ஆகஸ்டு முதல் புதிய வீட்டுக் கடன்களின் வட்டி, பேங்க் நெகாராவின் கொள்கை வட்டியை நேரடியாக ஒட்டி ஏறி இறங்குகிறது. கொள்கை வட்டி 2020 ஜூலையில் 1.75 விழுக்காடாக இருந்தது. 2023 மே மாதத்தில் 3 விழுக்காட்டை எட்டியது. 2025 ஜூலையில் 2.75 விழுக்காட்டுக்கு இறங்கியது. உதாரணக் குடும்பத்தின் வட்டி 4.5லிருந்து 5.5 விழுக்காடாக உயர்ந்தால், 30 ஆண்டுத் தவணை ஏறக்குறைய 183 வெள்ளி கூடி 1,703 வெள்ளியாகும். மளிகைச் செலவிலோ பிள்ளைகளின் டியூஷன் பணத்திலோதான் அது கைவைக்கும்.

அமெரிக்கா தந்த பாடம்

கடன் கொடுக்கும் இடத்தில் நியாயம் தவறினால் என்ன ஆகும் என்பதை உலகம் 2008ஆம் ஆண்டில் கண்டது. அமெரிக்காவில் அதற்கு முந்தைய ஆண்டுகளில், வருமானத்தைச் சரிபார்க்காமலேயே பலருக்கு வீட்டுக் கடன் தரப்பட்டது. முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்த வட்டி, அதன்பின் திடீர் உயர்வு என்ற கடன்கள் விற்கப்பட்டன. கடனைப் பிடித்துக் கொடுத்த தரகருக்குக் கமிஷன் கிடைத்தது. கடனை வழங்கிய நிறுவனம் அதை மூட்டை கட்டி முதலீட்டாளர்களிடம் விற்றுவிட்டது. கடனாளியால் கட்ட முடியுமா என்று கவலைப்பட யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. வட்டி உயர்ந்து வீட்டு விலை சரிந்தபோது லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழ்ந்தது.

பாரபட்சமும் வெளிச்சத்துக்கு வந்தது. கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடம், அதே தகுதியுள்ள வெள்ளையரைவிடக் கூடுதல் கட்டணமும் வட்டியும் வாங்கப்பட்டதாக எழுந்த வழக்கில், கன்ட்ரிவைட் நிறுவனத்தின் சார்பில் 335 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்துத் தீர்வு காண 2011 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. 2014 ஜனவரியில் அங்கே புதிய விதிகள் நடப்புக்கு வந்தன. கடனாளியின் திருப்பிச் செலுத்தும் திறனை ஆராயாமல் வீட்டுக் கடன் தரக்கூடாது. பொதுவாக, தவணை தவறி 120 நாள்களுக்கு மேல் ஆகும்வரை வீட்டைப் பறிக்கும் நடவடிக்கையைத் தொடங்கக்கூடாது. குடும்பம் மாற்று வழி தேடுவதற்காகவே அந்தக் கால அவகாசம் வைக்கப்பட்டது.

மலேசியாவின் சட்டம் வேறு. ஆனால், இங்கேயும் கால அவகாசம் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

தவணை தவறினால் என்ன நடக்கும்?

முதல் கட்டம் நினைவூட்டல். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு, கடிதம் வரும். நிலுவைக்குத் தாமதக் கட்டணம் சேரும். தவறிய தவணைகள் பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் கடன் தகவல் பதிவில் தெரியும். மூன்று மாதத் தவணை நிலுவையானால் அக்கடன் செயலிழந்த கடனாக வகைப்படுத்தப்படும். அதன்பின் வேறு வங்கியில் புதுக் கடன் பெறுவது மிகக் கடினம்.

இரண்டாவது கட்டம் வழக்கறிஞரின் நோட்டீஸ். தனிக் கிரண்டு உள்ள வீடு என்றால், தேசிய நிலச் சட்டத்தின்படி 16டி பாரம் எனப்படும் நோட்டீஸ் வரும். தவறு குறைந்தது ஒரு மாதம் நீடித்த பிறகே அதை அனுப்ப முடியும். கடன் பத்திரத்தில் வேறு காலம் குறிப்பிடப்படாவிட்டால், தவறைச் சரிசெய்ய ஒரு மாத அவகாசம் தரப்படும்.

மூன்றாவது கட்டம் விசாரணை. கிரண்டின் வகையைப் பொறுத்து, வங்கி உயர் நீதிமன்றத்திலோ மாவட்ட நில அலுவலகத்திலோ விற்பனை உத்தரவுக்கு விண்ணப்பம் செய்யும். வீட்டு உரிமையாளருக்கு நோட்டீஸ் வரும். அவர் நேரில் சென்று பேச உரிமை உண்டு. 'நாம் போய் என்ன ஆகப்போகிறது' என்று பலர் போவதில்லை. அது தவறு. கட்ட முடியாத வறுமை மட்டுமே உத்தரவைத் தடுக்கும் காரணமாகாது என்று நீதிமன்றங்கள் கூறியுள்ளது உண்மைதான். ஆனால், நோட்டீஸ் முறைப்படி கொடுக்கப்படாதது போன்ற சட்டக் குறைகள் இருந்தால் அதை எடுத்துரைக்க அதுவே இடம். வங்கியின் வழக்கறிஞரை நேருக்கு நேர் சந்தித்து, தவணை ஏற்பாடு பேசவும் அது ஒரு வாய்ப்பு.

நான்காவது கட்டம் விற்பனை உத்தரவு. உத்தரவு நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதம் கழித்தே ஏல நாள் வைக்கப்படும். வீட்டின் மதிப்பிடப்பட்ட சந்தை விலையை ஒட்டி ஆரம்ப விலை நிர்ணயிக்கப்படும்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஏலம் நடந்து முடியும் வரை, செலுத்த வேண்டிய தொகையை முழுவதும் செலுத்தி விற்பனையை நிறுத்தும் உரிமை உரிமையாளருக்கு இருக்கிறது. தேசிய நிலச் சட்டத்தின் 266ஆவது பிரிவு இதைக் கூறுகிறது.

இன்னும் தனிக் கிரண்டு வெளிவராத அடுக்குமாடி வீடுகளின் நிலை வேறு. அங்கே வீட்டின் உரிமைகள் ஒப்பந்தத்தின் மூலம் வங்கிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். ஆகவே, வங்கி பெரும்பாலும் நீதிமன்றத்திற்குப் போகாமலேயே ஏலதாரரைக் கொண்டு விற்க முடியும். இத்தகைய வீட்டில் இருப்பவருக்குக் கால அவகாசம் இன்னும் குறைவு என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். இஸ்லாமிய வங்கி முறையில் வீட்டு நிதி பெற்றவர்களுக்கும் ஏல நடைமுறை இதுபோன்றதுதான்.

ஏலத்தின் கணக்கு

"வீடுதான் போய்விட்டதே, கடனும் அதோடு தீர்ந்தது" என்று நினைப்பவர்கள் உண்டு. பல வேளைகளில் அது உண்மையல்ல.

மேலே சொன்ன குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு கடன் 273,500 வெள்ளி. வீட்டின் சந்தை விலை 340,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு வேலை போய், ஓராண்டு தவணை கட்டவில்லை. வட்டி சேர்ந்து கடன் ஏறக்குறைய 286,000 வெள்ளியாகிறது. தாமதக் கட்டணமும் வழக்கறிஞர் செலவும் தனி.

முதல் ஏலத்தில் ஆரம்ப விலை 340,000 வெள்ளி. யாரும் கேட்கவில்லை. ஏலம் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் விலையை 10 விழுக்காடு குறைப்பது வழக்கம். இரண்டாவது ஏலத்தில் 306,000 வெள்ளி. அப்போதும் போகவில்லை. மூன்றாவது ஏலத்தில் 275,400 வெள்ளிக்குப் போகிறது. அதிலிருந்து நில வரி, மதிப்பீட்டு வரி பாக்கிகளும் ஏலச் செலவும் கழிக்கப்படும். எஞ்சியது வங்கிக்குப் போகும். இங்கே கடனே விற்ற விலையைவிட 10,000 வெள்ளிக்கு மேல் அதிகம். ஆக, வீடும் போய், பாக்கியும் தலைமேல் நிற்கிறது. அந்தப் பாக்கிக்கு வங்கி கடனாளியின் மீது வழக்குத் தொடர முடியும்.

இதே குடும்பம் முதல் சில மாதங்களிலேயே நிலைமையை உணர்ந்து, வங்கியிடம் சொல்லிவிட்டு, வீட்டைத் தாங்களாகவே சந்தை விலைக்கு விற்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? 340,000 வெள்ளியில் கடனைக் கட்டியபின், செலவுகள் போகக் கையில் கணிசமான தொகை மிஞ்சியிருக்கும். அதைக் கொண்டு வாடகை வீட்டில் புதிதாகத் தொடங்கியிருக்கலாம். வீட்டை விற்பது தோல்வியல்ல. சில நேரங்களில் உழைத்த பணத்தைக் காப்பாற்ற அதுவே வழி.

எப்போது என்ன செய்யலாம்?

1. தவணை தவறுவதற்கு முன்பே: வேலை போகும் என்று தெரிந்த உடனேயே வங்கிக்குச் செல்ல வேண்டும். தவணைக் காலத்தை நீட்டித்தல், சில மாதங்களுக்குத் தவணையைக் குறைத்தல் போன்ற மறுசீரமைப்பைக் கேட்கலாம். சம்பளச் சீட்டு, வேலைநீக்கக் கடிதம், மருத்துவ அறிக்கை, மாதச் செலவுப் பட்டியல் ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்வது நல்லது. பேசியதை எழுத்தில் பெற வேண்டும்.

2. வேலை இழந்தவர்கள்: பெர்கேசோவின் வேலை காப்புறுதித் திட்டம் 2018 முதல் நடப்பில் உள்ளது. அதில் சந்தா செலுத்தியவர்கள் வேலை போன 60 நாள்களுக்குள் விண்ணப்பித்தால், தகுதியிருப்பின் சில மாதங்களுக்கு உதவித்தொகை கிடைக்கும்.

3. சேமநிதி: ஊழியர் சேமநிதியிலிருந்து வீட்டுக் கடன் பாக்கியைக் குறைக்கவும் மாதத் தவணை கட்டவும் பணம் எடுக்கும் வழிகள் உண்டு. 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, இதற்குரியது செஜாத்ரா கணக்கு. அது முதுமைக்கான பணம் என்பதையும் மறக்கக்கூடாது. வருமானம் திரும்பும் என்ற நம்பிக்கை இருக்கும்போது இடைவெளியை நிரப்ப அது உதவும். திரும்பாது என்றால், வீடும் சேமநிதியும் சேர்ந்து போகும் அபாயம் உண்டு.

4. குடும்பத் தலைவர் இறந்துவிட்டால்: கடன் வாங்கும்போது எடுத்த காப்புறுதி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது இருப்பது தெரியாமலேயே தவணை கட்டத் திணறும் விதவைகள் உண்டு. காப்புறுதிப் பத்திரம் எங்கே இருக்கிறது என்பது கணவன் மனைவி இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

5. முகவரி மாறினால்: வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பழைய முகவரிக்கு அனுப்பிய நோட்டீஸே போதும் என்று பல கடன் ஒப்பந்தங்களில் இருக்கும். 'எனக்குக் கடிதமே வரவில்லை' என்ற வாதம் பிறகு எடுபடாமல் போகலாம்.

6. ஜாமீன் நின்றவர்கள்: சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்காக, இலாப நோக்கமின்றி ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் பாதுகாப்பு தருகிறது. ஆனால், கடனுக்கு அவர் பொறுப்பே இல்லை என்று அதற்குப் பொருளல்ல. தவணை தவறும்போது அவரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவதே முறை.

ஏகேபிகே என்ற கதவு

வங்கியிடம் தனியாகப் பேசத் தயங்குபவர்களுக்கு ஏகேபிகே எனப்படும் கடன் ஆலோசனை, நிர்வாக முகமை இருக்கிறது. பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் இதைத் தொடங்கியது. இதன் சேவைக்குக் கட்டணம் கிடையாது. வரவு, செலவு, கடன்கள் எல்லாவற்றையும் ஆலோசகர் பட்டியலிட்டுப் பார்ப்பார். அடிப்படைச் செலவு போக ஏதாவது மிஞ்சினால், வீட்டுக் கடன், வாகனக் கடன், கடன்பற்று அட்டை ஆகியவற்றைச் சேர்த்து, கட்டக்கூடிய ஒரு திட்டத்தை வங்கிகளுடன் பேசி ஏற்பாடு செய்ய முயல்வார்.

ஆனால், இங்கேயும் நேரமே முக்கியம். வழக்கு முற்றி, ஏல நாள் குறிக்கப்பட்ட பிறகு வருபவருக்குச் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஒரு தவணையைக் கட்டத் திணறும்போதே வருபவருக்கு வழிகள் அதிகம்.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, கோவிட்-19 காரணமாகத் தவணை ஒத்திவைப்பு தரப்பட்டது நினைவிருக்கும். அது பல குடும்பங்களுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது. அதே சமயம், அந்த மாதங்களில் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒத்திவைப்பு தள்ளுபடி ஆகாது. எந்த மறுசீரமைப்பை ஏற்கும்போதும், "இதனால் மொத்தத்தில் எவ்வளவு கூடுதலாகக் கட்டுவேன்?" என்ற கேள்வியைக் கேட்க வேண்டும்.

போகக்கூடாத கதவுகள்

வங்கித் தவணை கட்டுவதற்காக ஆலோங்கிடம் கடன் வாங்குவது, எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம். வட்டித் தொழில் சட்டப்படி, உரிமம் பெற்றவர்கள் அடமானத்துடன் தரும் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடும், அடமானமில்லாக் கடனுக்கு 18 விழுக்காடும்தான் உச்ச வட்டி. மாதத்திற்கே அந்த அளவு கேட்பவர் சட்டத்திற்குப் புறம்பானவர்.

"லெலோங்கை நிறுத்தித் தருகிறோம், முதலில் பணம் கட்டுங்கள்" என்று விளம்பரம் செய்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. இன்னொரு வலையும் உண்டு. கடன் தருவதாகச் சொல்லி, வீட்டை விற்றதாக எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். 'கடன் அடைந்ததும் திருப்பித் தருகிறோம்' என்று வாயால் சொல்வார்கள். கையெழுத்திட்டது விற்பனைப் பத்திரம் என்பது பிறகுதான் தெரியவரும். புரியாத எந்தப் பத்திரத்திலும், சொந்தமாக அமர்த்திக்கொண்ட வழக்கறிஞர் பார்க்கும் வரை கையெழுத்திடக்கூடாது.

வங்கிக்கும் கடமை உண்டு

இதில் எல்லாப் பொறுப்பும் கடனாளிக்கு மட்டும்தான் என்பதில்லை. வாடிக்கையாளர்களை நியாயமாக நடத்துவது குறித்து பேங்க் நெகாரா 2019ஆம் ஆண்டில் தனிக் கொள்கை ஆவணமே வெளியிட்டுள்ளது. உண்மையான சிரமத்தோடு வருபவரின் கோரிக்கையை ஆராயாமல் புறக்கணிப்பதும், புரியாத மொழியில் நிபந்தனைகளைத் திணிப்பதும் நியாயமாகாது. வங்கியின் போக்கில் குறை இருந்தால், முதலில் அவ்வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுத வேண்டும். பதில் திருப்தி தரவில்லை என்றால், பேங்க் நெகாராவின் பிஎன்எம்லிங்க் சேவையை நாடலாம். 2025 ஜனவரி முதல் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவை என்ற அமைப்பும் செயல்படுகிறது. கடன் கொடுப்பதா, மறுசீரமைப்பதா என்ற வங்கியின் வணிக முடிவுகளை அது மாற்றாது. ஆனால், வங்கியின் தவற்றால் நேர்ந்த பண இழப்பை அதனிடம் முறையிடலாம்.

ஏலத்தில் வீட்டை விற்பதால் வங்கிக்கும் பெரிய இலாபம் இல்லை. வழக்குச் செலவும், மாதக்கணக்கான தாமதமும், குறைந்த விலையும்தான் மிச்சம். தவணையை ஒழுங்காகக் கட்டும் ஒரு குடும்பமே வங்கிக்கு மேல். ஆகவேதான் ஆரம்பத்திலேயே வந்து பேசும் கடனாளியின் சொல்லுக்கு அங்கே மதிப்பு இருக்கிறது.

முதலில் பேச வேண்டிய இடம்

வங்கிக்கும் ஏகேபிகேவுக்கும் முன்பாகப் பேச வேண்டிய இடம் வீட்டின் வரவேற்பறைதான். கணவர் மூன்று மாதம் தவணை கட்டவில்லை என்பது, நோட்டீஸ் வாசலில் ஒட்டப்பட்ட பிறகே மனைவிக்குத் தெரியவரும் குடும்பங்கள் இருக்கின்றன. வேலைக்குப் போகும் பிள்ளைகள், "அப்பா, முன்னமே சொல்லியிருந்தால் நாங்கள் ஏதாவது செய்திருப்போமே" என்று கேட்கும்போது பதில் இருக்காது. பிள்ளைகள் கவலைப்படக்கூடாது என்று மறைத்த அந்த மாதங்கள்தான், எல்லாரும் சேர்ந்து தோள் கொடுத்திருக்கக்கூடிய மாதங்கள்.

கடன் வாங்குவது இழிவல்ல. நெருக்கடி வருவதும் யாருக்கும் நேரக்கூடியதே. அடுத்த முறை வங்கியின் பெயர் அச்சிட்ட உறை வந்தால், அன்றிரவே குடும்பத்தார் முன்னிலையில் அதைப் பிரித்துப் படிக்க வேண்டும். மறுநாள் காலையில் வங்கிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. வீட்டைக் காக்கும் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.